சமூகவியலுக்கென்று தனி எல்லை இருக்கிறதா, இல்லை எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சமா?

தென்பெண்ணை மகள்:

எம்.ஏ. சமூகவியல் முதலாமாண்டு படிக்கிறேன், இளங்கலை வணிகவியல். முதல் தாளிலேயே சமூகவியலின் எல்லையும் மற்ற சமூக அறிவியல்களோடு அதன் உறவும் என்று ஒரு அலகு வருகிறது. பாடநூலில் ஜெர்மன் சமூகவியலாளர் சிம்மெல் ஒரு பக்கம், பிரெஞ்சு சமூகவியலாளர் டர்க்கைம் இன்னொரு பக்கம் என்று இரண்டு அணியாகப் பிரித்துவிட்டார்கள். உறவுகளின் வடிவத்தை மட்டும் படித்தால் போதும் என்கிறது ஒரு அணி, சமூகம் முழுவதையும் படிக்க வேண்டும் என்கிறது அடுத்தது. அதை மனப்பாடம் செய்து எழுதிவிடுவேன், அது பிரச்சினை இல்லை.

என் சந்தேகம் வேறு. நிலம், கூலி என்றால் பொருளாதாரம் பார்க்கிறது. தேர்தல் என்றால் அரசியல் அறிவியல். சாதி, சடங்கு, உறவுமுறை எல்லாம் மானிடவியல். மனசு உளவியலுக்குப் போய்விட்டது, பழைய காலம் வரலாற்றுக்கு. சமூகவியலுக்கு மிச்சம் என்ன? வீட்டில் "இதைப் படிச்சு என்ன தெரிஞ்சுக்கப் போறே" என்று அப்பா கேட்கும்போது சொல்வதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. வரையறை வேண்டாம், ஏதாவது ஒரு உண்மையான உதாரணத்தை வைத்து யாராவது சொல்லுங்கள்.

காவிரிக்கரை:

தங்கச்சி, எதைப் படிக்கிறோம் என்பதை வைத்துக் கோடு போட்டால் எந்தத் துறைக்கும் எல்லை கிடைக்காது. என்ன கேள்வி கேட்கிறோம் என்பதைப் பாருங்கள். நான் பல வருடம் பாடம் நடத்தியவன், இதற்குத் தஞ்சாவூரைத்தான் எப்போதும் எடுப்பேன்.

1951ல் கேத்லீன் கஃப் என்ற மானிடவியலாளர் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு வந்தார். ஊருக்குக் கும்பப்பேட்டை என்று புனைபெயர் வைத்தார். பத்து வருடம் கழித்து, 1961ல், டெல்லியிலிருந்து ஆந்த்ரே பெத்தேய் வந்து அதே மாவட்டத்தில் வேறொரு கிராமத்தில் தங்கினார். அவர் வைத்த புனைபெயர் ஸ்ரீபுரம். அவரைச் சமூகவியலாளர் என்று எழுதுவார்கள். இரண்டும் அக்கிரகாரம் உள்ள ஊர்கள், இரண்டிலும் பிராமணர், பிராமணர் அல்லாதவர், ஆதிதிராவிடர் என்று தனித்தனித் தெரு.

பெத்தேய் என்ன செய்தார் என்று பாருங்கள். சாதி, வர்க்கம், அதிகாரம் என்ற மூன்றையும் தனித்தனி இழையாகப் பிரித்துக்கொண்டார். இதற்கு அடிப்படை ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் சிந்தனை. முன்காலத்தில் மூன்றும் ஒரே கையில் இருந்தன: உயர்ந்த சாதியிடமே நிலம், அவர்களிடமே அதிகாரம். 1961ல் அப்படி இல்லை. அக்கிரகாரத்துப் பிள்ளைகள் படித்துப் பட்டணத்து உத்தியோகத்துக்குப் போனார்கள், நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறியது. ஊராட்சியும் கட்சியும் பிராமணர் அல்லாதவர் கைக்கு வந்தன. ஆனால் யார் யார் வீட்டுக்குள் போகலாம், யார் எங்கே உட்காரலாம் என்ற வரிசை அந்த வேகத்தில் மாறவே இல்லை. சேரிக்காரர்களுக்கு வாக்கு வந்தது, நிலம் வரவில்லை.

நிலப் பதிவேட்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரியும், தேர்தல் முடிவை மட்டும் பார்த்தால் வேறொன்று தெரியும். இந்த மூன்றும் ஏன் ஒரே வேகத்தில் நகரவில்லை, ஒன்று நகர்ந்ததால் மற்றது எப்படி அசைந்தது என்று கேட்பதற்கு ஒரு துறை வேண்டும். அதுதான் நீங்கள் படிப்பது. அப்பாவிடம் இதையே சொல்லுங்கள், ஊரைத் தெரிந்தவருக்கு உடனே புரியும்.

மானிடவியல் விஷயத்தில் ரொம்பக் குழம்ப வேண்டாம். எம்.என். சீனிவாஸ் ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் பயின்றவர், 1959ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கி வைத்தவரும் அவரே. இரண்டையும் பிரிக்க அவர் சம்மதிக்கவில்லை. மேற்கே, தூரத்து மக்களைப் படித்தால் மானிடவியல், தன் சமூகத்தைப் படித்தால் சமூகவியல் என்று ஒரு பழக்கம் இருந்தது. நாம் நம் ஊரையே படிக்கும்போது அந்தப் பிரிவினைக்கு இங்கே என்ன வேலை? கஃப்பையே பாருங்கள். மார்க்சியர், 1976ல் திரும்பவும் தஞ்சைக்கு வந்தார். நிலத்தையும் உழைப்பையும் பற்றி அவர் எழுதிய அளவுக்குப் பல பொருளாதாரக்காரர்களே எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை:

ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரி, அந்தக் கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பொருளாதாரம் படித்தவன். தமிழ்நாட்டில் ஊருக்குள் இறங்கி ஆய்வு செய்வதை ஆரம்பித்து வைத்ததே பொருளாதாரத் துறை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல் தன் மாணவர்களைக் கிராமங்களைப் பற்றி விவரம் சேகரிக்க வைத்தார், 1918ல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு ஊர் இருவேல்பட்டு. தென்பெண்ணை என்று பெயர் வைத்திருக்கிறீர்களே சகோதரி, உங்கள் விழுப்புரம் பக்கம்தான். அதே ஊரை 1930களில் மறுபடி ஆய்வு செய்தார்கள், அப்புறம் 1981லும் 2008லும் செய்தார்கள். ஒரு ஊரைத் தொண்ணூறு வருடம் விட்டு விட்டுப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

அங்கே பழைய காலத்தில் படியாள் முறை இருந்தது. கடன் வாங்கியவன் ஒரே பண்ணைக்குக் கட்டுப்பட்டு, நெல்லைப் படியளந்து வாங்கிக்கொண்டு வேலை செய்வான், அவனுக்குப் பின் பிள்ளையும் செய்வான். இன்று அது இல்லை. கூலியை வெறும் தேவை, அளிப்பு என்று போட்டால் இது பிடிபடாது, அதை ஒப்புக்கொள்கிறேன். வெளியூர் வேலை, பள்ளிக்கூடம், ரேஷன் அரிசி, வாக்கு எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனிதன் பண்ணையாரிடம் முடியாது என்று சொல்லும் நிலை வந்தது. ஆனால் எத்தனை குடும்பம், எவ்வளவு நிலம், எவ்வளவு கூலி என்ற கணக்கு 1916லேயே எழுதி வைக்கப்பட்டதால்தானே இன்று மாற்றத்தைப் பேச முடிகிறது? சமூகவியல் மாணவர்கள் பலர் எண்களைப் பார்த்தாலே ஒதுங்குகிறார்கள். தயவுசெய்து நீங்கள் ஒதுங்காதீர்கள்.

களத்துமேடு:

இரண்டு பேர் சொன்னதோடும் ஒன்று சேர்க்கணும். பெத்தேய் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரிக்குள் சகஜமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். எந்தத் துறை என்பதைவிட எந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிறோம் என்பது சில சமயம் பெரிய விஷயம்.

கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள், பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அன்றைக்குப் பலர் அதைக் கூலித் தகராறு என்று எழுதினார்கள், அரசும் அடுத்த ஆண்டு விவசாயக் கூலிச் சட்டம் கொண்டுவந்தது. கூலிக் கோரிக்கை இருந்தது உண்மை, கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம் இருந்ததும் உண்மை. ஆனால் இறந்தவர்கள் தலித்துகள். கூலி கேட்டது மட்டுமா பண்ணையார்களின் ஆத்திரத்தைக் கிளப்பியது, இவன் நிமிர்ந்து நின்று கேட்பதா என்பதும் அல்லவா? இதைப் பொருளாதாரமா சாதியா என்று இரண்டாக வெட்டினால் இரண்டு பக்கமும் பொய்யாகிவிடும். துறை எல்லையைப் பற்றி நான் கவலைப்படுவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

உளவியலிலிருந்து சமூகவியல் எங்கே வேறுபடுகிறது என்பதற்கு, டர்க்கைம் 1897ல் எழுதிய தற்கொலை ஆய்வைப் படித்தால் போதும். ஒருவர் ஏன் இறந்தார் என்பதை விட்டுவிட்டு, ஒரு சமூகத்தில் அந்த விகிதம் ஏன் வருடா வருடம் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்று கேட்டார்.

தென்பெண்ணை மகள்:

எல்லாருக்கும் நன்றி. இருவேல்பட்டு எங்கள் சித்தி ஊருக்குப் பக்கம், இப்படி ஒரு ஆய்வு நடந்தது இன்றுதான் தெரியும். அடுத்த வருட ஆய்வேட்டுக்கு எங்கள் ஊர் நூறு நாள் வேலையை எடுக்கலாமா என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

காவிரிக்கரை:

தாராளமாக எடுங்கள். முதலில் ஊராட்சி அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள், கணக்குப்பிள்ளை தம்பிக்கும் மனசு நிறையும். அப்புறம் வேலை நடக்கும் இடத்தில் போய் உட்காருங்கள். எந்தத் தெருவிலிருந்து யார் வருகிறார்கள், யார் வருவதில்லை, தண்ணீர்க்குடம் யாருக்குப் பொது, நூறு நாள் வேலை வந்த பிறகு நடவுக்கு ஆள் கூப்பிடுபவர் பேசும் தோரணை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஊராரிடம் கேட்பதற்கான கேள்வித்தாளை இரண்டாவது மாதம் அச்சடித்தால் போதும்.