மறுமொழி: எண்டோகிரைன் டிஸ்ரப்டர் – 'இயக்குநீர்க் குழப்பி' எனலாமா?

அன்புள்ள நண்பர்களே,

உடலின் ஹார்மோன்களின் (இயக்குநீர்களின்) வேலையைக் கெடுக்கும் வேதிப்பொருள்களை ஆங்கிலத்தில் 'எண்டோகிரைன் டிஸ்ரப்டர்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையைத் தொடங்கிய ஐயா 'நாளமில்லாச் சுரப்பிச் சிதைப்பான்' என்ற சொல்லை முன்வைத்திருந்தார். இரண்டு நாளாக அதையே மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவன் என்பதால் நேற்று அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியும் பார்த்தேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், அப்போ தைராய்டு அழுகிப் போயிடுமா?"

அவள் மேல் தப்பே இல்லை. சிதைப்பான் என்றால் எதையோ சிதைக்கத்தானே வேண்டும்? ஆனால் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் இந்த வேதிப்பொருள்களின் கெடுதலே வேறு மாதிரி. சுரப்பி பெரும்பாலும் இருந்த இடத்தில் இருந்தபடி இருக்கும். உடலுக்குள் போகும் சேதிதான் மாறிப்போகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டு வரையறையும் நாளமில்லாச் சுரப்பித் தொகுதியின் 'செயல்பாட்டை மாற்றும்' புறப்பொருள் என்றுதான் சொல்கிறது. அந்த உயிருக்கோ அதன் வாரிசுகளுக்கோ கேடு வரும் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இதைப் புரியவைக்க நான் வகுப்பில் சொன்ன எலிக்கதையை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1998இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பாட்ரீசியா ஹன்ட் என்ற மரபியலாளர் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று எந்த மருந்தும் கொடுக்காமல் வைத்திருந்த எலிகளில், வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிரண்டு முட்டைகளில்தான் குரோமோசோம்கள் நடுக்கோட்டில் வரிசையாக நிற்காமல் பிசகும். திடீரென்று அது நூற்றுக்கு நாற்பது ஆகிவிட்டது. காரணத்தைத் தேடிக்கொண்டே போனால், அது கூண்டு கழுவும் இடத்தில் இருந்தது. தரை துடைக்கும் காட்டமான டிடர்ஜென்டை எடுத்துக் கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் கழுவியிருக்கிறார்கள். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அரித்துப்போய், அதிலிருந்த பிஸ்ஃபீனால் ஏ (சுருக்கமாக பிபிஏ) என்ற வேதிப்பொருள் எலிகளின் உடலுக்குள் இறங்கியிருக்கிறது. பிறகு அதே பொருளைத் தனியாகக் கொடுத்துச் சோதித்து, அதுதான் காரணம் என்று உறுதிசெய்து 2003இல் வெளியிட்டார்.

இங்கே சிதைந்த சுரப்பி எங்கே? சூலகம் முட்டையை உண்டாக்கிக்கொண்டுதான் இருந்தது. முட்டைக்குள் வரிசை குழம்பியது, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அடுத்த தலைமுறை வரை போகிறது. எனக்குத் தூக்கம் வராமல் செய்கிற செய்தி இது.

அடுத்து, அம்மா ஒருவர் சொன்ன 'போலி ஹார்மோன்'. அழகான சொல், சட்டென்று புரியும். பிஸ்ஃபீனால் ஏ-க்கு அச்சாகப் பொருந்துகிறது. அது பெண் ஹார்மோன் போல நடந்துகொள்கிறது என்று லண்டனில் சார்லஸ் டாட்ஸ் 1936லேயே காட்டிவிட்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற அந்தப் பெண் ஹார்மோன் உயிரணுவில் வந்து ஒட்டும் இடமான ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாஸ்டனில் ஆய்வாளர்கள் ஆனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் வளர்த்த மார்பகப் புற்றணுக்கள் ஈஸ்ட்ரோஜன் சேர்க்காமலே பெருகியதற்கும் இப்படி ஒரு போலிதான் காரணம். சோதனைக் குழாயின் பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால் அது.

ஆனால் தாலேட்டுகளை என்ன செய்வது? பிவிசி பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்ப்பவை. அவற்றில் சில எந்த ஹார்மோனின் வேடத்தையும் போடுவதில்லை. கருவில் இருக்கும் ஆண் எலிக்குட்டியில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் உண்டாவதையே குறைத்துவிடுகின்றன. விதைகள் கீழே இறங்காமல் நிற்கின்றன, குறியின் அமைப்பு மாறுகிறது. மூன்று வாரக் கர்ப்பத்தில் ஏறத்தாழ 15ஆம் நாளிலிருந்து 18ஆம் நாள் வரைதான் இந்த ஆபத்துக் காலம். வளர்ந்த எலிக்கு அதே அளவு கொடுத்தால் உருவம் இப்படி மாறாது. ஆகவே போலி செய்வது, தடுப்பது, நேரம் பார்த்துக் கெடுப்பது எல்லாம் ஒரே சொல்லில் அடங்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தவை இரண்டு: குலைப்பி, குழப்பி. 'சீர்குலை', 'நிலைகுலை' எல்லாம் இருப்பதால் முதலில் 'குலைப்பி' பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் நாய் 'குலைக்கும்'. வகுப்பில் அதைச் சொன்னால் பாடம் அங்கேயே நின்றுவிடும்.

'குழப்பி'யில் எனக்குப் பிடித்தது அதன் இலக்கணம். குழம்பு தன்வினை, குழப்பு பிறவினை. திரும்பு, திருப்பு போல. முட்டை குழம்பியது, குழப்பியது பிஸ்ஃபீனால். யார் செய்தது, யாருக்கு நடந்தது என்பது ஒரு மெய்யெழுத்தில் பிரிந்துவிடுகிறது. 'கடத்தி', 'ஊக்கி' போல இகர விகுதியும் பழகியதுதான். நிகழ்வுக்கு 'இயக்குநீர்க் குழப்பம்' என்று கூடவே கிடைத்துவிடுகிறது. காப்பிக்குச் சொல்லும் 'குளம்பி'யோடு மயங்கும் என்று ஒருவர் எழுதலாம். முன்னால் இயக்குநீர் நிற்பதால் மயங்காது.

குழப்பி என்றால் வீரியம் குறைவாகத் தெரிகிறதே, 'நஞ்சு' என்று வர வேண்டாமா என்பதும் நியாயமான கேள்வி. நஞ்சு என்றதும் அளவு கூடினால்தான் ஆபத்து என்ற எண்ணம் கூடவே வந்துவிடுகிறது. ஹார்மோன்கள் மிக மிகச் சிறிய அளவில் வேலை செய்பவை. அவற்றைக் குழப்பவும் சிறிதளவே போதும். அதனால் நஞ்சு வேண்டாம் என்பேன்.

இன்னொன்று. இந்தச் சொல் இப்படிப்பட்ட பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான வகைப் பெயராகவே பரவ வேண்டும் என்பது என் ஆசை. புட்டிகளில் 'பிபிஏ இல்லாதது' என்று போடுகிறார்களே, அதைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதியடைகிறார்கள். அதற்குப் பதிலாக வந்த பொருள்களில் ஒன்று பிஸ்ஃபீனால் எஸ். ஹன்டின் ஆய்வகத்திலேயே மறுபடி எலிகளில் கோளாறு தெரிந்து, இந்த முறை சேதமான பாலிசல்ஃபோன் என்ற வேறு பிளாஸ்டிக் கூண்டுகளிலிருந்து அதுவும் கசிந்திருந்ததைக் கண்டு 2018இல் எழுதினார்கள். ஒரு மூலக்கூறின் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்தால் மக்கள் அடுத்ததில் ஏமாறுவார்கள்.

சொல்லின் முதற்பாதியான 'இயக்குநீர்' என்பதில்தான் எனக்கே இன்னும் தயக்கம். இங்கே பாடநூலில் ஹார்மோன், இணையத்தில் இயக்குநீர், இலங்கைப் பாடநூல்களில் ஓமோன். யாழ்ப்பாணத்து நண்பர்கள் 'ஓமோன் குழப்பி' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, காதுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.