ஷிண்டென் ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) விமான மாடல்: மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுகிறது, புரொப்பெல்லரும் உடைகிறது. உதவி தேவை

நீலவானம்:
வணக்கம். இரண்டாம் உலகப்போரின் கடைசியில் ஜப்பான் கடற்படைக்காகச் செய்த ஷிண்டென் போர் விமானம் எனக்கு நெடுநாள் ஆசை. சின்ன இறக்கை முன்னால், பெரிய இறக்கையும் புரொப்பெல்லரும் பின்னால். தெர்மாகோல் ஷீட்டில் 90 செ.மீ. அகலத்தில் செய்தேன். கையால் எறிந்தால் மூக்கு விறுவிறுவென மேலே போய், அப்படியே நின்று, பின்பக்கமாக விழுகிறது. சிஜியை (எடை சமநிலையாகும் புள்ளி) வழக்கம்போல் பெரிய இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால்பங்கில்தான் வைத்தேன். தரையில் ஓட்டிக் கிளப்பினாலோ புரொப்பெல்லர் முனை தரையில் பட்டு உடைகிறது. இதுவரை மூன்று போயிற்று.

பால்சாமரம்:
தம்பி, கோளாறே அந்தக் கால்பங்குதான். அது வால் உள்ள விமானத்துக்கான கணக்கு. இதில் முன்சிறகும் எடை தாங்குகிறது. பெரிய இறக்கை உடலோடு சேரும் இடத்தில் முன்விளிம்பு இருக்கிறதல்லவா, அதற்கும் சற்று முன்னால் சிஜி வரட்டும். பேட்டரியை மூக்குக்குத் தள்ளுங்கள், போதாவிட்டால் தூண்டில் ஈயக்குண்டு. முன்சிறகின் கோணம் பெரிய இறக்கையைவிட 2 டிகிரி கூடுதலாக இருக்கட்டும். அது முதலில் ஸ்டால் ஆனால் (தூக்குவிசையை இழந்தால்) மூக்கு தானாக இறங்கி வேகம் பிடிக்கும். பெரிய இறக்கை முந்திக்கொண்டால் மீட்க முடியாது. இதே வடிவத்தில் அமெரிக்கர்கள் செய்த எக்ஸ்பி-55, 1943 நவம்பரில் ஸ்டால் சோதனையில் தலைகீழாகப் புரண்டு விழுந்தது. விமானி பாராசூட்டில் தப்பினார்.
இன்னொன்று: ரிமோட்டின் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் முன்சிறகின் எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் பின்பகுதி) கீழே இறங்க வேண்டும். மேலே போனால் செர்வோவை (அதை அசைக்கும் குட்டி மோட்டார்) ரிவர்ஸ் செய்யுங்கள்.

சிறகுநுனி:
புரொப்பெல்லர் உடைந்ததற்கு வருந்தாதீர்கள், அசல் விமானத்துக்கே அது நடந்தது. வடிவமைத்த ட்சுருனோ தரையோட்டத்தில் மூக்கைத் தூக்கியபோது ஆறு இதழ் புரொப்பெல்லரின் முனைகள் தரையில் அடித்து வளைந்தன. பிறகுதான் இரு செங்குத்து வால்களின் அடியிலும் குட்டிச் சக்கரம் வைத்தார்கள். 1945 ஆகஸ்ட் 3 அன்று ஃபுகுவோகாவில் முதல்முறை பறந்தது. மூன்று பறத்தல், மொத்தம் சுமார் 45 நிமிடம், அதற்குள் போர் முடிந்துவிட்டது. உங்கள் மாடலிலும் அந்தச் சக்கரங்களை வையுங்கள், அசலுக்கும் பொருந்தும்.

நீலவானம்:
எலிவேட்டர் சரியாகத்தான் இருந்தது அண்ணா, சிஜிதான் காரணம். பேட்டரியோடு 60 கிராம் ஈயமும் மூக்கில் போட்டேன். இன்று காலை புல்வெளியில் மோட்டார் இல்லாமல் எறிந்தேன், நேராக மிதந்து இறங்கியது. வால் சக்கரங்களுக்கு பசை காய்கிறது. நாளை மோட்டாரோடு.