ஒரே ஆறு, இரண்டு கணக்கு: உள்ளாட்சிக்கும் மாநில அலுவலகத்துக்கும் நடுவில் மாட்டிய அனுபவம் உண்டா?

நானே தொடங்குகிறேன். உள்ளாட்சியில் பொறியாளராக இருந்தபோது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திட்டம் போட்டோம். இன்னும் 30 ஆண்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணித்துத்தான் கொள்ளளவை முடிவு செய்ய வேண்டும். எங்கள் எண் பெரிது, மாநில அலுவலகத்தின் எண் சிறிது. கோப்பு நான்கு முறை திரும்பி வந்தது. நாங்களும் நான்கு முறை விளக்கம் எழுதினோம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கோபமாக.

ஒருநாள் அங்கிருந்து ஓர் இளம் அலுவலர் போன் செய்தார். "சார், நீங்கள் எந்த எல்லைக்குள் ஆட்களை எண்ணினீர்கள்?" அவ்வளவுதான் கேள்வி. அவர்கள் எண்ணியது நிர்வாக எல்லைக்குள். நாங்கள் எண்ணியது சரிவு பார்த்து எங்கள் பக்கம் கழிவுநீர் வந்து சேரும் பகுதி முழுவதும்; பக்கத்துக் கிராமங்களும் அதில் உண்டு. ஒன்றரை வருடம் போனது இதற்குத்தான்.

ஆனால் அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. தேவைக்கு மேல் பெரிதாகக் கட்டினால் முதல் சில ஆண்டுகள் தொட்டிக்குப் போதிய கழிவுநீர் வராது, கழிவைத் தின்று நீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். குழாயில் ஓட்டம் மந்தமாகி உள்ளேயே அழுகி நாறும். கடைசியில் இரண்டு கட்டமாகப் பிரித்தோம்.

*

நான் ஆய்வகத்தில் இருந்தவன். எங்கள் சண்டை இன்னும் வேடிக்கை. ஆற்றில் கரைந்த ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்று நகராட்சி அறிக்கை. மோசம் என்று மாநில அறிக்கை. இரு தரப்பும் எதிர்த் தரப்பு எண்ணைத் திருத்திவிட்டதாக நினைத்தார்கள். கூட்டத்தில் குரல் உயர்ந்தது.

நான் பதிவேட்டைப் புரட்டினேன். நாங்கள் மதியச் சாப்பாடு முடித்து மாதிரி எடுப்போம். அவர்கள் விடியற்காலையில் வந்து எடுத்துப் போவார்கள். சத்து மிகுந்த நீரில் பாசி நிறைய இருக்கும். பகலில் அது ஆக்சிஜனை விடும். இரவில் அதுவும் மற்ற உயிர்களும் சேர்ந்து இழுத்துவிடும். விடியும்போதுதான் அளவு அடிமட்டத்தில் நிற்கும். மீன் மேலே வந்து வாயைத் திறப்பதும் அந்நேரம்தான். பிறகு இரண்டு குழுவும் சேர்ந்து ஒரே இடத்தில் நின்று எடுத்தோம். விடியலில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், மதியம் 9. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மீன் மதியத்துக்கு மட்டும் உயிரோடு இருந்தால் போதுமா என்று மாநிலக்காரர் கேட்டார், எங்களிடம் பதில் இல்லை.

*

நான் எதிர்ப்பக்கம், அதாவது திட்டங்களைத் திருப்பி அனுப்பும் மேசையில் உட்கார்ந்தவன். திட்டினாலும் பரவாயில்லை. என் கையில் வந்த பல திட்டங்கள் ஆற்றின் சராசரி ஓட்டத்தை வைத்தே எழுதப்பட்டிருந்தன. சராசரியில் வெள்ளமும் சேர்ந்துவிடுகிறதே! கழிவுநீரை ஆறு தாங்குமா என்பதை வறண்ட வாரத்தில்தான் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் மிகக் குறைந்த ஏழு நாள் ஓட்டத்தை வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

1912-இல் பிரிட்டனின் அரச ஆணையம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜனின் அளவு), 30 மில்லிகிராம் மிதவைத் திடப்பொருள் என்று வரம்பு சொன்னபோதே, ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நீர் கலக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. எண்ணை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நிபந்தனை வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

*

இவர்களையெல்லாம் ஒரே மேசையில் உட்கார வைக்கச் சட்டம் எங்காவது இருக்கிறதா?

*

அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தின் 208-ஆம் பிரிவைப் பாருங்கள். வட்டாரக் கழிவுநீர்த் திட்டத்தை மாநில ஆளுநர் சான்றளித்து ஒன்றிய அரசின் சுற்றுச்சூழல் முகமைக்கு அனுப்ப வேண்டும். ஒப்புதலான திட்டத்துக்கு முரணாகக் கழிவுநீர் வெளியேற்றும் உரிமம் தரக்கூடாது. உட்கார்ந்தபின் ஒத்துப்போகிறார்களா என்பது வேறு கதை.

*

முதலில் எழுதியவன் மறுபடியும். எல்லைக் கோட்டைக் கேட்ட அந்த அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கேட்டபோது அவர் இடத்துக்கு வந்தவர் எழுதிய முதல் கடிதம்: "தங்கள் மக்கள்தொகைக் கணிப்பு எங்கள் கணிப்பைவிட அதிகமாக உள்ளது, விளக்கம் அளிக்கவும்."