மறு: 'கோ – வென்ட்' வகைச் சொற்களுக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் 'கோ' (go, போ) என்பதன் இறந்தகாலம் 'வென்ட்' (went). இப்படி ஒரு சொல்லின் வடிவம் வேறொரு வேரிலிருந்து வந்து நிற்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். அதற்கு ஒரு நண்பர் கேட்டது:

> 'ஒழுங்கற்ற வினை' என்பதே போதாதா? எதற்குப் புதுச்சொல்?

போதாது ஐயா. 'சிங்' (sing, பாடு) என்பது 'சேங்' (sang) ஆவதும் ஒழுங்கற்றதுதான். ஆனால் அங்கே நடுவில் உள்ள உயிரொலி மட்டும் மாறுகிறது, வேர் அதேதான். நம் 'வந்தான்' போல. 'வா' என்பது 'வ' எனக் குறுகியது விகாரம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம்.

'வென்ட்' அப்படியில்லை. 'செண்ட்' (send) என்பதற்கு 'சென்ட்' (sent) இறந்தகாலம் ஆவதுபோல, அது 'வெண்ட்' (wend) என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். திரும்புதல், செல்லுதல் என்று பொருள். 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'கோ'வின் இறந்தகாலமாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த பழைய ஆங்கிலச் சொல்லும் 'கோ'வின் வேரில் பிறந்ததல்ல! 'கோ'வுடன் இறந்தகால விகுதி 'எட்' (-ed) சேர்த்து எழுதும் குழந்தையிடம் 'இது விதிவிலக்கு, மனப்பாடம் செய்' என்பதைவிட 'இது வேறொரு சொல்லின் வடிவம்' என்று சொன்னால் மனத்தில் நிற்கும். அதற்காகத்தான் தனிப்பெயர் கேட்கிறேன்.

முதலில் 'வேற்றுவேர் வடிவம்' என்று எழுதி வைத்திருந்தேன். சொல்ல நன்றாக இருக்கிறது. ஆனால் 'வேற்று' என்றதும் வேற்றுமொழி நினைவுக்கு வரும், பிறமொழியிலிருந்து வாங்கிய சொல் என்று மாணவர் நினைத்துவிடலாம். 'வெண்ட்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல். 'மாற்றடி' என்றால் 'அடி'க்குப் பொருள் பல, குழப்பம்.

அதனால் என் பரிந்துரை: மாற்றுவேர் வடிவம். ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்பது 'மாற்று' என்பதிலேயே விளங்கிவிடும். தமிழிலும் பொருத்திப் பார்த்தேன். இரண்டு – இரண்டாவது, மூன்று – மூன்றாவது. ஒன்றுக்கு மட்டும் 'முதலாவது'. 'முதல்' இங்கே மாற்றுவேர். இருபத்தொன்றுக்கு வந்ததும் 'இருபத்தொன்றாவது' என்று பழைய வேரே திரும்பிவிடுகிறது. ஆங்கிலத்தின் 'ஒன் – ஃபர்ஸ்ட்', 'குட் – பெட்டர்' எல்லாவற்றுக்கும் இதே பெயர் சரியாக இருக்கிறது.

'பி' (be, இரு) என்ற ஆங்கில வினையில்தான் சிக்கல். 'இஸ்' ஒரு வேர், 'வாஸ்' இன்னொரு வேர், 'பீன்' மூன்றாவது. இவற்றில் எது மூலம், எது மாற்று? இப்படிப்பட்ட வினைக்கு மட்டும் 'பல்வேர் வினை' எனலாமா? 'பல்வேறு' என்று தவறாகப் படித்துவிடுவார்களோ என்ற தயக்கம் எனக்கு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.