வாழ்நாள் நட்டஈட்டை ஒரே தொகையாக வாங்கலாமா?

கிளிநொச்சியான்: கலிபோர்னியாவில் களஞ்சியசாலையொன்றில் வேலை செய்த என் அண்ணனுக்கு முள்ளந்தண்டில் அடிபட்டு, 74 வீத நிரந்தர இயலாமை என்று முடிவாகியுள்ளது. அங்கே 70 வீதமும் அதற்கு மேலும் என்றால், தவணைக் கொடுப்பனவுகள் முடிந்த பின் சாகும்வரை ஒரு சிறிய ஓய்வூதியம் உண்டு. அந்தக் காயத்துக்கான வைத்தியச் செலவையும் காப்புறுதியே தொடர்ந்து ஏற்கும். இப்போது காப்புறுதிக் கம்பனி எல்லாவற்றையும் ஒரே தொகையாகத் தந்து கோவையை மூடப் பார்க்கிறது. அண்ணனோ அதை வாங்கி, இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயற்காணி எடுக்க நினைக்கிறார்.

பரந்தன் வாசி: வாங்கச் சொல்லுங்கள். ஓய்வூதியம் அவரோடு முடிந்துவிடும், அண்ணியின் கைக்கு வராது. காணி என்றால் பிள்ளைகளுக்கு நிற்கும். நம் நாட்டிலும் நிரந்தர ஊனத்துக்கு மொத்தமாகத்தான் தருகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை.

முறிகண்டியாள்: குறை சொல்வதில்லையா? அரிசி ஆலையில் எங்கள் அப்பாவின் கை போனபோது கிடைத்த தொகை, வீட்டுக் கூரையும் அக்காவின் கலியாணமுமாகப் பத்து மாதத்தில் கரைந்தது. அதன்பின் அவர் நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிஞ்சிய கையால் நெல்மூட்டையின் வாயைக் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். உங்கள் அண்ணன் கோவையை மூடக் கையெழுத்திட்டால், பத்து வருடம் கழித்து வரும் சத்திரசிகிச்சையின் செலவும் அவர் தலையில்தான் விழும்.

பரந்தன் வாசி: நீதிபதி ஏற்றுக்கொண்டால்தான் அந்த உடன்படிக்கை செல்லும், ஆகவே அவ்வளவு பயம் வேண்டாம். விலைவாசி ஏற ஏற அந்தச் சில்லறை ஓய்வூதியம் எதற்குக் காணும்?

முறிகண்டியாள்: 2003 ஜனவரி முதலாம் திகதியும் அதற்குப் பின்னும் ஏற்பட்ட காயங்களுக்கு அந்த ஓய்வூதியம் மாநிலத்தின் சராசரிக் கூலி உயர்வை ஒட்டி ஆண்டுதோறும் கூடும், அதுவும் டொலரில். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் மாற்றி வங்கியில் போட்டவர்கள், மே மாதம் டொலர் 360 ஐத் தொட்டதும் என்ன பாடுபட்டார்கள் என்பதை மறந்துவிட்டீர்களா?

கிளிநொச்சியான்: வைத்தியப் பொறுப்பை விட்டுக்கொடுக்காமல், ஓய்வூதியத்தை மட்டும் மொத்தமாக்கக் கேட்கலாமாம், அது அண்ணனின் நலனுக்கு உகந்தது என்று நீதிபதிக்குத் தோன்றவேண்டும், ஆண்டுக்கு 3 வீதம் கழித்துத்தான் தொகையைக் கணக்கிடுவார்கள். இதற்குப் பரந்தன் அண்ணையும் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

பரந்தன் வாசி: அப்படியென்றால் மூன்று ஏக்கர் வராது, ஒன்றுதான் வரும். இருந்தாலும் கேட்டுப் பார்க்கட்டும்.