புதுப்பிப்பு: ரைன் நதியோரம் அம்மாவுடன் நடக்க எளிய வழி

முழங்கால் வலியுள்ள அம்மாவை ஜெர்மனியின் ரைன் நதியோரத் திராட்சைத் தோட்டங்களுக்கு அழைத்துப்போக எளிய நடைவழி கேட்டிருந்தேன். போய்விட்டு மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் திரும்பிவிட்டோம். ரூடஸ்ஹைம்தான் சரியான ஊர். இருவர் அமரும் திறந்த கேபிள் கார், திராட்சைக் கொடிகளுக்கு மேலாகவே மலைமேல் உள்ள நீடர்வால்ட் நினைவுச்சின்னம் வரை ஏற்றிவிடுகிறது. பலர் அங்கிருந்து தோட்டத்தின் வழியே நடந்து இறங்குகிறார்கள். வேண்டாம், முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். நாங்கள் மேலேயே காட்டுப்பாதையில் நடந்து, நாற்காலி லிஃப்டில் பக்கத்து ஊரான அஸ்மன்ஸ்ஹவுசன் இறங்கி, படகில் ரூடஸ்ஹைம் திரும்பினோம். கேபிள் கார், லிஃப்ட், படகு மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு. ரீஸ்லிங் வெள்ளை ஒயின் வட்டாரத்தில் அஸ்மன்ஸ்ஹவுசன் சிவப்பு ஒயினுக்குப் பேர்போனது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. “இந்தச் செங்குத்தில் யார் நிரை (மர வரிசை) பிடித்து வேலை செய்வது?” என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே வந்தார். குளிர்காலத்தில் கேபிள் கார் பல வாரங்கள் ஓடாது, பார்த்துப் புறப்படுங்கள்.