நாலு தடவை காற்று எடுத்தும் பிரேக் பெடல் பஞ்சாகவே இருக்கிறது: போடிமெட்டு இறங்க பயமாக இருக்கிறது

போடி ஏலக்காய்:
அண்ணன்மாருக்கு வணக்கம். ஊர் போடி. கேரளப் பக்கம் பூப்பாறைக்கு மேலே மாமாவின் ஏலத்தோட்டம், வாரத்துக்கு இரண்டு நடை போய் வருவேன். வண்டி 2001 ஜென், பெட்ரோல். கோன் ஏர் பில்டர், சைலன்சர் எல்லாம் போன மாதமே மாற்றிவிட்டேன். ஓட்டத்தைக் கூட்டியாச்சு, நிறுத்தவும் வேண்டுமே என்று இந்த வாரம் முன் சக்கரம் இரண்டுக்கும் ஸ்டீல் பின்னல் போட்ட பிரேக் ஹோஸ் வாங்கி வீட்டிலேயே மாட்டினேன். கையோடு டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இரண்டையும் கழற்றி சீல் கிட் மாற்றினேன். பிரேக் ஆயில் புதுசு, டாட் 4 ரகம்.

தம்பியைப் பெடலில் உட்கார வைத்து நாலு சக்கரத்திலும் ஆயில் குழாயில் சிக்கிய காற்றை நாலு தடவை எடுத்தாச்சு. ஒரு லிட்டர் ஆயில் காலி. முதல் மிதிக்கு பெடல் முக்கால்வாசி கீழே போகிறது. இரண்டு முறை பம்ப் அடித்தால் மேலே வருகிறது. ஒரு நிமிடம் விட்டால் மறுபடி பழைய கதை. எங்கேயும் ஒழுகல் இல்லை. மிதித்ததும் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதா? வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போக வேண்டும்.

ஜீப்காரன்:
தம்பி, முதலில் வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள். போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவு. பம்ப் அடித்து வண்டியை நிறுத்துகிற இடமா அது? மாமாவிடம் சொல்லிக்கொள்ளலாம், ஆள் கூட்டிப்போகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டு போங்கள்.

லோயர்கேம்ப் ஒர்க்‌ஷாப்:
மாஸ்டர் சிலிண்டர் மேல் உடனே பழி போடாதீர்கள், அது பெரிய செலவு. இரண்டு சோதனை செய்துவிட்டுச் சொல்லுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, பம்ப் அடித்து மேலே வந்த பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் விடுகிறது. அப்புறம் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துக்கொண்டு மிதித்துப் பாருங்கள். பெடல் சட்டென்று உயர்ந்தால் பின் சக்கரத்தில் பிரேக் ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கிறது, அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

சிலர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு நசுக்கி எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிப்பார்கள். ஸ்டீல் ஹோஸில் அதைச் செய்யவே கூடாது, உள்குழாய் நசுங்கிவிடும்.

பெடலைத் தரை வரை மிதித்துத்தான் காற்று எடுத்தீர்களா? பழைய சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதியில் துரு இருக்கும், சீல் அதில் உரசிக் கிழியும். அடுத்த முறை பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள்.

போடி ஏலக்காய்:
பார்த்துவிட்டேன் அண்ணே. பிடித்தால் இறங்கவில்லை, நிற்கிறது. ஹேண்ட்பிரேக் இழுத்தாலும் வித்தியாசம் இல்லை. முன் சக்கரம் இரண்டும் போட்டோ போட்டிருக்கிறேன். ஹோஸ் கொஞ்சம் முறுக்கலாகத்தான் உட்கார்ந்தது, ஸ்டீல் என்பதால் விறைப்பு என்று விட்டுவிட்டேன். காற்று எடுக்கிற நிப்பிள் கீழே இருந்ததால் ஸ்பேனர் போட மட்டும் சுலபமாக இருந்தது.

லோயர்கேம்ப் ஒர்க்‌ஷாப்:
நிப்பிள் கீழேயா! அங்கேதான் இருக்கிறது வினை. இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறீர்கள். போல்ட் ஓட்டை ஒத்துப்போகும், உட்காரவும் செய்யும், அதனால் தெரியாது. ஆனால் காற்று மேலேதானே நிற்கும்? நிப்பிள் அடியில் இருந்தால் எத்தனை லிட்டர் விட்டாலும் ஆயில்தான் வெளியே வரும், மேலே நிற்கும் காற்று அசையாது. ஹோஸ் முறுக்கியதும் இதனால்தான்.

இரண்டையும் பக்கம் மாற்றுங்கள். ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கிற பேஞ்சோ போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் புது காப்பர் வாஷர் போடுங்கள், பழையதைத் திருப்பிப் போடும் சிக்கனம் வேண்டாம். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஹோஸ் டயரில் உரசுகிறதா, இழுபடுகிறதா என்று பாருங்கள். காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம், சில வண்டிக்கு மாறும், மேனுவலில் வரிசை இருக்கும். பாட்டில் திறந்து பல மாதம் கிடந்த ஆயிலை ஊற்றாதீர்கள். காற்றில் உள்ள ஈரத்தை அது குடிக்கும். டாட் 4 புதுசில் 230 டிகிரி வரை கொதிக்காது என்பது தரக்கணக்கு, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் அந்த வித்தியாசம் காலில் தெரியும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பாலக்காட்டுக்காரன்:
பிரேக்குக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. அந்தச் சைலன்சரோடு மெட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் ஓட்டுகிறீர்களா? கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பே கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். இங்கே சோதனையில் முதலில் காதில் விழுவது சைலன்சர்தான்.

போடி ஏலக்காய்:
சனிக்கிழமை பக்கம் மாற்றி மாட்டினேன். ஹோஸ் முறுக்கு தானாகப் போய்விட்டது. நிப்பிளைத் திறந்ததும் இடது பக்கம் புஸ்ஸென்று காற்று, அப்புறம் நுரை, அப்புறம்தான் சுத்தமான ஆயில். முதல் மிதியிலேயே பெடல் கல் மாதிரி மேலே நிற்கிறது. தெருவில் மெதுவாகப் பத்து முறை நிறுத்திப் பார்த்தேன், ஒரு பக்கம் இழுக்கவில்லை. கழற்றும்போது காலிப்பரில் சாக்பீஸால் இ, வ என்று எழுதியிருந்தால் ஒரு லிட்டர் ஆயிலும் நாலு நாள் தூக்கமும் மிச்சம். பழைய சைலன்சர் பரணில்தான் கிடக்கிறது, இறக்க வேண்டும்.

ஜீப்காரன்:
நல்லது தம்பி. முதல் நடை ஆள் ஏற்றாமல் போங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரை விடாதீர்கள், பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைக்காதீர்கள். அணைத்தால் மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டருக்கு இன்ஜினின் உறிஞ்சு விசை (வேக்கம்) கிடைக்காது, கொஞ்ச மிதியிலேயே உங்கள் கல் பெடல் மிதிக்க முடியாத நிஜக் கல்லாகிவிடும். முந்தல் வந்ததும் ஓரமாக நிறுத்தி, பேஞ்சோ போல்ட் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.